தலையிடாதோர் சங்கம்

1936 ஜூலை 11. லண்டனை ஒட்டிய கிராய்டன் விமான நிலையத்திலிருந்து ஒரு வாடகைக் குட்டி விமானம் கிளம்பியது. உள்ளே ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் மேஜர் ஒருவர், அவருடைய மகள், மகளின் சிநேகிதி, ஸ்பானியப் பத்திரிகை ஒன்றின் லண்டன் நிருபர். எங்கே என்று கேட்டால், கனேரித் தீவுகளுக்கு உல்லாசப் பயணம். அந்த இரண்டு பெண்கள் எதற்கு என்றால், அப்போதுதான் பார்க்கிறவர்களுக்கு அது உல்லாசப் பயணம் மாதிரித் தெரியும்.

தீவில் காத்திருந்தவர் ஜெனரல் ஃபிராங்கோ. இந்த ஆள் தலைநகர்ப் பக்கம் இருந்தால் வம்பு என்று ஸ்பெயின் குடியரசு அரசாங்கம் அவரைத் தூக்கி அட்லாண்டிக் நடுவே போட்டு வைத்திருந்தது. தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிட்டால் அதிகாரி அடங்கிவிடுவார் என்பது உலகத்து அரசாங்கங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள நம்பிக்கை. விமானம் அவரை ஏற்றிக்கொண்டு போய் மொராக்கோவில் ஸ்பெயினின் ஆப்பிரிக்கப் படையிடம் இறக்கிவிட்டது. அடையாளம் தெரியாமலிருக்க வழியில் மீசையை மழித்துக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. நாட்டுக்காக ஃபிராங்கோ செய்த ஒரே தியாகம் அந்த மீசைதான் என்று அவருடைய சக ஜெனரல் ஒருவரே நக்கலடித்ததாக இன்னொரு கதையும் உண்டு.

ஆக, ஸ்பெயினில் ராணுவம் கலகம் செய்தது. அதே வருஷம் பிப்ரவரியில் தேர்தலில் ஜெயித்து வந்த இடதுசாரிக் கூட்டணி அரசாங்கத்தை எதிர்த்து. ஆனால் கலகத்துக்கு ஒரு சிக்கல். முரட்டுப் படை ஆப்பிரிக்காவில், சண்டை ஐரோப்பாவில், நடுவே கடல். கப்பல்களில் இருந்த மாலுமிகளோ தங்கள் அதிகாரிகளைப் பிடித்துப் போட்டுவிட்டு அரசாங்கத்தின் பக்கம் நின்றுவிட்டார்கள். ஃபிராங்கோ இரண்டு பெரிய மனிதர்களிடம் ஆள் அனுப்பினார்.

ஹிட்லர் அப்போது பைராய்ட்டில் வாக்னரின் இசைநாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். நாடகம் முடிந்து வந்த உற்சாகம். பத்து போக்குவரத்து விமானம் கேட்டவருக்கு இருபதாகக் கொடுத்தார். அந்த நடவடிக்கைக்கு வாக்னரிடமிருந்தே ‘மந்திர நெருப்பு’ என்று பெயரும் எடுத்தார்கள். உடன் போன ஜெர்மானியர்கள் சாதாரண உடையில், சுற்றுலாக் கம்பெனிப் பயணிகளாக ஹாம்பர்க்கில் கப்பல் ஏறினார்கள். அந்த வருஷம் ஸ்பெயினுக்குச் சுற்றுலா சீசன் அமோகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

முசோலினி 12 குண்டுவீச்சு விமானங்கள் அனுப்பினார். அவற்றில் மூன்று போய்ச் சேரவேயில்லை. வழிதவறியவை பிரான்ஸ் ஆண்டுகொண்டிருந்த வட ஆப்பிரிக்க மண்ணில் வந்து விழ, கலகம் தொடங்கி இரண்டு வாரம் ஆவதற்குள் இத்தாலியின் பரம ரகசியம் பிரெஞ்சுப் பத்திரிகைகளில் வந்துவிட்டது.

இப்போது பாரிஸுக்கு வருவோம். பிரதமர் லியோன் ப்ளூம் நல்ல மனிதர், படித்தவர், சோஷலிஸ்ட். அவருடையதும் அதே மாதிரி ஒரு இடதுசாரிக் கூட்டணி. ஸ்பெயின் பிரதமரிடமிருந்து ‘ஆயுதமும் விமானமும் அனுப்பி உதவுங்கள்’ என்று தந்தி வந்ததும், சரி என்றுதான் முதலில் சொன்னார். செய்தி கசிந்தது. வலதுசாரிப் பத்திரிகைகள் குதித்தன. சொந்த மந்திரிசபையிலேயே பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். லண்டனுக்குப் போனார்; அங்கே வெளியுறவு மந்திரி ஈடன், அது உங்கள் இஷ்டம், ஆனால் ஜாக்கிரதை என்கிற தோரணையில் பேசினார். பெரிய இடத்தில் ‘உங்கள் இஷ்டம்’ என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று ப்ளூமுக்குத் தெரியாதா? திரும்பி வந்து, நாமும் கொடுக்க வேண்டாம், யாரும் கொடுக்க வேண்டாம், எல்லோரும் தலையிடாமல் இருப்போம் என்று ஒரு யோசனையை அவரே முன்வைத்தார்.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் அப்போது 35 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் 1914 ஞாபகம் இருந்தது. எங்கோ சரயேவோவில் ஒரு துப்பாக்கி வெடித்து, தங்கள் வீட்டுப் பிள்ளை வெர்டனில் செத்ததை மறக்காதவர்கள். இன்னொரு துப்பாக்கிச் சத்தம் கேட்டால் நடுங்கத்தான் செய்வார்கள். ஸ்பெயின் குடியரசின் பக்கமும் எல்லோரும் சாதுக்கள் கிடையாது. அந்தப் பகுதியில் பாதிரியார்கள், துறவிகள், கன்னியாஸ்திரீகள் என்று ஏறத்தாழ 6,800 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் முதல் சில மாதங்களில். லண்டனில் பணம் படைத்தவர்களுக்கு வேறொரு நடுக்கம்: ஸ்பெயினில் நாம் போட்ட முதல் சிவப்புக்காரர்கள் கையில் போய்விடுமோ என்று. பயமும் முதலும் சேர்ந்தால் அதற்கு ‘நடுநிலை’ என்று பெயர் வைப்பது சுலபம்.

ஆனால் கணக்கு எங்கே உதைக்கிறது என்றால், தேர்தலில் ஜெயித்த அரசாங்கம் காசு கொடுத்து வெளியே ஆயுதம் வாங்குவது அதுவரை யாரும் மறுக்காத உரிமை. கலகக்காரனுக்கு அந்த உரிமை கிடையாது. இரண்டு பேருக்கும் கிடையாது என்று சொன்ன நிமிஷத்தில், ஒருத்தனுக்கு இருந்ததைப் பிடுங்கியாயிற்று. இன்னொருத்தனுக்கோ ஏற்கெனவே இருபது விமானம் போய் இறங்கியிருந்தது.

1936 செப்டம்பர் 9-ஆம் தேதி லண்டனில் பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகத்தில் கமிட்டி கூடியது. தலையிடாக் கமிட்டி. பிற்பாடு 27 நாடுகள். எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் கிடையாது. ஒவ்வொரு நாடும் தனக்குத் தோன்றிய நிபந்தனைகளோடு ஒரு கடிதம் கொடுத்தது, அந்தக் கடிதங்களின் கட்டுக்குத்தான் ஒப்பந்தம் என்று பெயர். ஜெர்மனி உண்டு, இத்தாலி உண்டு, சோவியத் யூனியன் உண்டு. அல்பேனியா உண்டு. லக்ஸம்பர்க்கூட உண்டு. ஸ்பெயின் மட்டும் கிடையாது. போர்ச்சுகல் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டு அந்த மாதக் கடைசியில் வந்து சேர்ந்தது. அதுவரை ஃபிராங்கோவுக்குப் போகும் சரக்கைத் தன் துறைமுகத்தில் இறக்கிவைப்பதில் அது மும்முரமாக இருந்தது. சேர்ந்த பிறகும் அந்த மும்முரம் குறையவில்லை.

தலைவர் நாற்காலியில் பெரும்பாலான நாள் உட்கார்ந்திருந்தவர் பிளைமவுத் பிரபு. செயலாளர் ஃபிரான்சிஸ் ஹெம்மிங் என்ற அரசு அதிகாரி. இவரைப் பற்றி ஒரு தகவல் சொல்லியாக வேண்டும். இவர் உலகப் புகழ் பெற்ற பட்டாம்பூச்சி நிபுணர். எந்தப் பட்டாம்பூச்சிக்கு எந்த அறிவியல் பெயர் செல்லும், எது செல்லாது என்பதில் ஐரோப்பாவிலேயே இவர் சொல்வதுதான் தீர்ப்பு என்கிற அளவுக்கு. எடுத்ததைச் சேதமில்லாமல் குத்தி, காயவைத்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, பெட்டியில் அடுக்கி மூடத் தெரிந்தவர். கமிட்டிக்கு இவரைவிடப் பொருத்தமான ஆளைத் தேடியிருக்க முடியாது. தமாஷுக்குச் சொல்லவில்லை, கமிட்டியின் ஆவணங்கள் அவ்வளவு ஒழுங்காக இருந்தன.

புகார் கொடுக்கும் முறை எப்படி என்றால்: ஒரு நாடு மீறிவிட்டது என்று உறுப்பு நாடு எதாவது ஒன்றின் அரசாங்கம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பத்திரிகையில் வந்தது, கண்ணால் பார்த்தவன் சொன்னது, தெருவில் கிடக்கும் குண்டின் மேல் எந்த ஊரில் செய்தது என்று அச்சடித்திருப்பது, இவையெல்லாம் நேரே கமிட்டிக்குள் நுழைய முடியாது. புகார் வந்ததும் அதைக் குற்றம் சாட்டப்பட்ட நாட்டுக்கே அனுப்பி, ஐயா இதற்கு உங்கள் விளக்கம் என்ன என்று கேட்பார்கள். ஐயா, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று பதில் வரும். பதில் பதிவு செய்யப்படும். கோப்பு மூடப்படும். குண்டு விழுந்தது ஸ்பெயினின் தலையில் என்றாலும் ஸ்பெயின் உறுப்பினர் இல்லையே. அது தன் புகாரை வேறொரு அரசாங்கத்தின் தயவில்தான் உள்ளே அனுப்ப வேண்டும்.

இத்தாலியின் தூதர் டினோ கிராண்டி. கரும் தாடி வைத்த கம்பீரமான மனிதர், பேச்சில் மன்னன். இத்தாலியின் தரப்பில் எடுத்த எடுப்பிலேயே வைத்த கோரிக்கை: விமானம், துப்பாக்கி எல்லாம் இருக்கட்டும், முதலில் ஊர் ஊராக உண்டியல் குலுக்கி ஸ்பெயினுக்குக் காசு சேர்க்கிறார்களே, கூட்டம் போட்டுப் பேசுகிறார்களே, அது தலையீடு இல்லையா? அதைத் தடை செய்யுங்கள். ஒரு பக்கம் குண்டுவீச்சு விமானம் போய்க்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் சில்லறை பற்றிக் கமிட்டியில் கவலை தெரிவித்தார்கள்.

சோவியத் தூதர் இவான் மைஸ்கி அவருக்குச் சரியான ஜோடி. மற்றவர்கள் இந்த ஒப்பந்தத்தை எந்த அளவுக்கு மதிக்கிறார்களோ, நாங்களும் அதே அளவுக்குத்தான் மதிப்போம் என்று அக்டோபரில் சோவியத் தரப்பு அறிவித்தது. யோசித்துப் பார்த்தால், அந்தக் கமிட்டியில் சொல்லப்பட்டவற்றிலேயே மிகவும் நேர்மையான வாக்கியம் அதுதான். அந்த மாதத்திலேயே ரஷ்ய டாங்கிகளும் விமானங்களும் வந்து இறங்கின. இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பெயின் ரிசர்வ் தங்கத்தில் 510 டன் கார்த்தகேனா துறைமுகத்திலிருந்து ஒடெசாவுக்குக் கப்பல் ஏறியது, திரும்பவில்லை. ஸ்டாலினின் தோழமைக்கு ரொக்கம் முன்பணம்.

ஜெர்மனியின் தரப்பில் ரிப்பன்ட்ராப். இதற்குத் தலையிடும் கமிட்டி என்றே பெயர் வைத்திருக்கலாம் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

1937 பிப்ரவரியில் கமிட்டி ஒரு பெரிய முடிவு எடுத்தது. இனி எந்த நாடும் ஸ்பெயினுக்குத் ‘தொண்டர்களை’ அனுப்பக் கூடாது. நல்லது. அடுத்த மாதம் குவாதலஹாரா என்ற இடத்தில் இத்தாலியத் ‘தொண்டர்கள்’, டிவிஷன் டிவிஷனாக, டாங்கி, பீரங்கி, தளபதி சகிதமாக, மத்ரித்தைப் பிடிக்கப் போய் மழையிலும் சேற்றிலும் மாட்டிக்கொண்டு நன்றாக உதை வாங்கினார்கள். எதிரே நின்று உதைத்தவர்களிலும் ஒரு பகுதி, முசோலினியைப் பிடிக்காமல் நாட்டை விட்டு ஓடிவந்த இத்தாலியர்கள். பிடிபட்ட கைதிகள் கூட்டமாக நிற்கிறார்கள். இனி என்ன ஆதாரம் வேண்டும்? மார்ச் 23-ஆம் தேதி கமிட்டியில் தொண்டர்களை எப்போது திருப்பி அழைப்பீர்கள் என்ற பேச்சு வந்தபோது கிராண்டிக்கு எரிச்சல் வந்துவிட்டது. போர் முடியும் வரை ஒரு இத்தாலியத் தொண்டன்கூட ஸ்பெயினை விட்டு வர மாட்டான் என்பதே என் ஆசை என்று போட்டு உடைத்தார். சபை திடுக்கிட்டது. வேறொன்றும் செய்யவில்லை.

அடுத்தது கடல் காவல். ஆயுதக் கடத்தலைத் தடுக்க ஸ்பெயின் கரையோரம் முழுக்க ரோந்துக் கப்பல் விடுவது என்று தீர்மானம். கரையைப் பங்கு பிரித்தார்கள். அரசாங்கத்தின் கையிலிருந்த மத்தியதரைக் கடற்கரையை யார் கண்காணிப்பது? ஜெர்மனியும் இத்தாலியும். பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது என்று நம் பக்கம் சொல்வதை இவர்கள் நாலு நாட்டுச் செலவில் செய்தார்கள். உறுப்பு நாட்டுக் கொடி பறக்கும் வணிகக் கப்பல்கள் குறிப்பிட்ட துறைமுகத்தில் நின்று ஒரு பார்வையாளரை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஸ்பானியக் கொடியோ, உறுப்பினரல்லாத நாட்டின் கொடியோ இருந்தால் விலக்கு. ஒரு டப்பா பெயிண்டும் ஒரு புதுக் கொடியும் இருந்தால் போதும் என்று கப்பல் முதலாளிகள் புரிந்துகொள்ள வெகுநேரம் ஆகவில்லை. வானத்தில் வரும் விமானங்களைத் திட்டத்தில் சேர்க்கவே இல்லை. கண்காணிப்பது கஷ்டம் என்று விட்டுவிட்டார்கள்.

ரோந்து ஏப்ரல் 20-ஆம் தேதி பிறந்ததும் தொடங்கியது. ஏப்ரல் 26, திங்கட்கிழமை, சந்தை நாள். பாஸ்க் மக்களின் புராதன ஊரான கெர்னிகாவின் மேல் ஜெர்மனியின் காண்டார் படை விமானங்களும் இத்தாலிய விமானங்களும் சாயங்காலம் நாலரை மணிவாக்கில் வந்தன. மூன்று மணி நேரம். முதலில் குண்டு, பிறகு தீக்குண்டு, ஓடுகிறவர்கள் மேல் இயந்திரத் துப்பாக்கி. செத்தவர்கள் எத்தனை பேர் என்று இன்று வரை சரித்திர ஆசிரியர்கள் தகராறு செய்கிறார்கள். ஊர் போனதில் தகராறு இல்லை. ‘தி டைம்ஸ்’ நிருபர் ஜார்ஜ் ஸ்டியர் புகைந்துகொண்டிருந்த ஊருக்குள் போய், ஜெர்மன் முத்திரை குத்திய தீக்குண்டுக் குழல்களைக் கையில் எடுத்துப் பார்த்து எழுதினார். ஃபிராங்கோ தரப்பு, பாஸ்க்காரர்கள் தங்கள் ஊரைத் தாங்களே கொளுத்திக்கொண்டார்கள் என்றது. சொல்லிவிட்டுப் பல வருஷம் அதையே சொல்லிக்கொண்டும் இருந்தது.

இந்தக் கெர்னிகாவுக்குப் பக்கத்தில்தான் பில்பாவ் துறைமுகம். அகதிகள் நிரம்பி வழிந்து, சாப்பாட்டுக்குத் திண்டாடிக்கொண்டிருந்த ஊர். ஃபிராங்கோ கடல் முற்றுகை அறிவித்திருந்தார். வெளியே கண்ணிவெடி மிதக்கிறது, போகாதீர்கள் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் தன் வணிகக் கப்பல்களுக்குப் புத்தி சொன்னது. இல்லை, நாங்கள் கடலைச் சுத்தம் செய்துவிட்டோம், வாருங்கள் என்று பாஸ்க்காரர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். அவர்கள் கடலைப் பற்றி அவர்களைவிட லண்டனுக்கு அதிகம் தெரிந்திருந்தது.

உணவு ஏற்றிய கப்பல்கள் எல்லையோரப் பிரெஞ்சுத் துறைமுகமான செயின்ட் ழான் த லூஸில் வரிசையாக நின்றன. சரக்கு அழுகிக்கொண்டிருந்தது. வேல்ஸ் நாட்டுக் கேப்டன்கள் மூன்று பேர், மூன்று பேருக்கும் பெயர் ஜோன்ஸ். ஒரே தெருவில் மூன்று முருகேசன் இருந்தால் சைக்கிள்கடை முருகேசன், ரைஸ்மில் முருகேசன் என்று நாம் பிரிப்பதில்லையா, பத்திரிகைக்காரர்கள் அந்த மாதிரி கப்பல் சரக்கை வைத்துப் பெயர் சூட்டினார்கள்: உருளைக்கிழங்கு ஜோன்ஸ், மக்காச்சோள ஜோன்ஸ், ஹாம்-முட்டை ஜோன்ஸ். உருளைக்கிழங்கு ஜோன்ஸ் பேட்டி கொடுப்பதில் சூரர். கடற்படை என்ன பெரிய கடற்படை, நான் போய்க் காட்டுகிறேன் பார் என்று அவர் விட்ட வீராவேசத்தில் பிரிட்டன் முழுக்க அவர் பெயர் பரவியது. கடைசியில் அவர் பில்பாவுக்குள் போகவில்லை. வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

போனவர் இன்னொருவர். டபிள்யூ. எச். ராபர்ட்ஸ் என்ற கேப்டன். பேட்டி, வீராவேசம் எதுவும் இல்லை. மகளையும் கூட வைத்துக்கொண்டு ‘செவன் சீஸ் ஸ்ப்ரே’ என்ற தன் பழைய கப்பலில், கரையிலிருந்து வந்த சைகைகளைக் காணாதவர் மாதிரி, ஏப்ரல் 19 ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினார். எந்த ராத்திரி என்று கவனியுங்கள். லண்டன் கமிட்டியின் ரோந்துத் திட்டம் அமலுக்கு வந்த அதே ராத்திரி. வழியில் எதிர்ப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல், உள்ளே போனால் நாங்கள் பொறுப்பில்லை என்று எச்சரித்துவிட்டு, நல்லபடியாகப் போய் வாருங்கள் என்றும் வாழ்த்தியது. மாலுமிகள் மாலுமிகளாகவே இருக்கிறார்கள். காலையில் கப்பல் ஆற்று முகத்துவாரத்துக்குள் நுழைந்தபோது, இரண்டு கரையிலும் ஜனங்கள் நின்று கத்திய சத்தத்தில் ராபர்ட்ஸுக்கும் மகளுக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒரு கண்ணிவெடியும் வெடிக்கவில்லை. அவருக்குப் பின்னால் மற்றக் கப்பல்களும் ஒன்றொன்றாகப் போயின.

கெர்னிகாவுக்குப் பிறகு, குழந்தைகளையாவது அனுப்புங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பிரிட்டனில் பொதுஜனங்கள் குரல் கொடுத்தார்கள். பிரதமர் பால்ட்வினுக்கு விருப்பமில்லை. குழந்தைகளை ஒரு பக்கத்திலிருந்து அழைத்துக்கொண்டால் அதுவும் தலையீடு ஆகிவிடாதா? இங்கிலாந்தின் தட்பவெப்பம் அந்தப் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்றும் சொன்னார். தீக்குண்டு மழையில் வாழ்ந்த பிள்ளைகளுக்கு சாரல் மழை ஒத்துக்கொள்ளாதாம். கடைசியில் நெருக்கடி தாங்காமல் சம்மதித்தபோது நிபந்தனை போட்டார்கள்: அரசாங்கப் பணம் ஒரு பென்னி கிடையாது, ஒரு குழந்தைக்கு வாரத்துக்கு 10 ஷில்லிங் என்று நீங்களே உத்தரவாதம் கொடுக்க வேண்டும். உண்டியல் குலுக்கியவர்கள் கொடுத்தார்கள். கிராண்டி கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது, அந்தச் சில்லறைக்கு அவ்வளவு வலு. முன்னின்றவர்களில் முக்கியமானவர் அதோல் சீமாட்டி, ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியின் எம்.பி. இதற்காக அவருக்குச் ‘சிவப்புச் சீமாட்டி’ என்று பட்டம் கட்டினார்கள். 1938 டிசம்பரில் தொகுதியும் போயிற்று.

800 பேர் போகக்கூடிய ‘ஹபானா’ கப்பலில் ஏறத்தாழ 4,000 குழந்தைகள். மே 21 அன்று பில்பாவிலிருந்து கிளம்பி, பிஸ்கே வளைகுடாவின் புயலில் எல்லோரும் வாந்தியெடுத்தபடி 23-ஆம் தேதி சவுத்தாம்ப்டன் வந்து சேர்ந்தார்கள். ஊர் முழுக்கத் தோரணம், கொடி. ஆஹா, நமக்கு எவ்வளவு பெரிய வரவேற்பு என்று பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பத்து நாளைக்கு முன் ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டு விழா. கட்டிய தோரணத்தை இன்னும் அவிழ்க்கவில்லை. யாரும் போய் அந்த உண்மையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்தில் ஒரு வயல்வெளியில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார்கள். தலைக்கு மேல் ஏதாவது விமானம் பறந்தால் போதும், பிள்ளைகள் சிதறி ஓடி ஒளிந்தார்கள். விமானம் என்றால் வேடிக்கை பார்ப்பது என்றுதான் அதுவரை அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தெரிந்துகொள்ள இன்னும் மூன்று வருஷம் இருந்தது.

மே கடைசியில் ரோந்துக்கும் வினை வந்தது. இபிசா தீவில் நின்றிருந்த ஜெர்மன் போர்க்கப்பல் ‘டாய்ச்லாந்து’ மேல் குடியரசு விமானங்கள் குண்டு போட்டு 31 மாலுமிகள் செத்தார்கள். இரண்டு நாள் கழித்து ஜெர்மனி அல்மேரியா நகரைக் கடலிலிருந்து பீரங்கியால் அடித்தது. அடுத்த மாதத்துக்குள் ஜெர்மனியும் இத்தாலியும் ரோந்திலிருந்து ஒரேயடியாக விலகிக்கொண்டன. கமிட்டியிலிருந்து மட்டும் விலகவில்லை. அங்கே இருப்பதில் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லையே.

அமெரிக்கா கமிட்டியில் இல்லை. தனியாக ஒரு சட்டம் போட்டு, 1937 ஜனவரியில் ஸ்பெயினுக்கு ஆயுத விற்பனையைத் தடை செய்தது. சட்டத்தின் ஆயுதப் பட்டியலில் பெட்ரோல் இல்லை, லாரி இல்லை. டெக்ஸாக்கோ எண்ணெய்க் கம்பெனி ஃபிராங்கோவுக்குக் கடனுக்குப் பெட்ரோல் ஊற்றியது. கடன் கொடுத்ததற்காக அபராதம் 20,000 டாலர். ஒரு டேங்கர் கப்பல் லாபத்தில் அதைக் கட்டிவிட்டு மிச்சத்துக்கு விருந்தும் வைத்திருக்கலாம்.

இவ்வளவு கூத்திலும் ஒரு தடவை பெரிய நாடுகள் மின்னல் வேகத்தில் செயல்பட்டதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1937 ஆகஸ்டில் மத்தியதரைக் கடலில் ‘அடையாளம் தெரியாத’ நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களை மூழ்கடிக்க ஆரம்பித்தன. அவை இத்தாலியுடையவை என்று பிரிட்டிஷ் கடற்படைக்கு நன்றாகத் தெரியும். இத்தாலியரின் ரகசியச் செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மேலேயே டார்பீடோ ஏவப்பட்டதும் பொறுமை போயிற்று. சுவிட்சர்லாந்தின் நியோனில் மாநாடு. செப்டம்பர் 10-ஆம் தேதி கூடி, 14-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது: கப்பலைத் தாக்கும் நீர்மூழ்கியைக் கண்ட இடத்தில் அடி. தாக்குதல் சட்டென்று அடங்கியது. ஸ்பெயின் ஜனங்களுக்காக ஒரு வருஷமாக முடியாதது, கப்பலுக்காக ஐந்து நாளில் முடிந்தது. அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? கொள்ளைக்காரர்களைப் பிடிக்கும் ரோந்தில் இத்தாலியையும் சேர்த்துக்கொண்டு ஒரு கடற்பகுதியைப் பங்காகக் கொடுத்தார்கள்.

மெக்ஸிகோவைப் பற்றி ஒரு வார்த்தை. அதிபர் லாசரோ கார்டெனாஸ் எந்தக் கமிட்டியிலும் சேரவில்லை. தேர்ந்தெடுத்த அரசாங்கம் உதவி கேட்கிறது, கொடுக்கிறேன் என்று 20,000 துப்பாக்கியும் 2 கோடித் தோட்டாவும் அனுப்பிவிட்டு, அனுப்பினேன் என்று வெளியிலும் சொன்னார். பிறகு ஆயிரக்கணக்கான அகதிகளுக்கு வாசலைத் திறந்துவிட்டார். மெக்ஸிகோவின் தட்பவெப்பம் பற்றி யாரும் பேசவில்லை.

நம்மவர்களும் போனார்கள். 1938 ஜூனில் நேரு, கிருஷ்ண மேனனோடு பார்சலோனா போய், ராத்திரி ராத்திரி குண்டு விழுவதைப் பார்த்துவிட்டு வந்தார். நாடே வெள்ளைக்காரன் கையில் இருக்க, அதற்கு வெளியுறவுக் கொள்கை மட்டும் இருந்தது. நாக்பூர்க்காரர் ஒருவர், கோபால் முகுந்த் ஹுத்தார், ‘ஜான் ஸ்மித்’ என்று பெயர் வைத்துக்கொண்டு, குடியரசின் பக்கம் நின்ற வெளிநாட்டுத் தொண்டர்களின் சர்வதேசப் படையில் சேர்ந்து சண்டை போட்டுக் கைதியானார். அதற்குச் சில வருஷம் முன்புவரை ஆர்.எஸ்.எஸ்.ஸின் பொதுச்செயலாளராக இருந்தவர் இவர்.

கமிட்டியின் கதையை முடித்துவிடுவோம். வெளிநாட்டுத் தொண்டர்களை எப்படி எண்ணுவது, யார் எண்ணுவது, எந்த விகிதத்தில் திருப்பி அனுப்புவது என்று மாசக்கணக்கில் பேசி, 1938 ஜூலையில் விலாவாரியான திட்டம் ஒன்றை ஏகமனதாக நிறைவேற்றினார்கள். அது அமலுக்கு வரவேயில்லை. குடியரசு அரசாங்கம் தன் பக்கத்துச் சர்வதேசப் படையைத் தானாகவே அனுப்பிவைத்தது. 1939 பிப்ரவரியில் ஃபிராங்கோவின் படைக்குப் பயந்து கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் மலை தாண்டிப் பிரான்ஸுக்குள் ஓடிவந்தார்கள். அவர்களில் பலரை அர்ஜெலெஸ் கடற்கரை மணலில் அடைத்தார்கள். கூரை கிடையாது, முள்வேலி உண்டு. அந்த மாதக் கடைசியில் பிரிட்டனும் பிரான்ஸும் ஃபிராங்கோவை அங்கீகரித்தன. ஏப்ரல் 1, போர் முடிந்தது. கமிட்டி முடியவில்லை. ஏப்ரல் 20 வரை உயிரோடு இருந்துதான் கலைந்தது. அன்று ஹிட்லருக்கு ஐம்பதாவது பிறந்தநாள்.

கலைவதற்குள் உறுப்பினர்களில் மூன்று நாடுகள் காணாமல் போயிருந்தன. ஆஸ்திரியாவை 1938 மார்ச்சில் ஜெர்மனி விழுங்கியது. செக்கோஸ்லோவாகியாவை 1939 மார்ச்சில் அதே ஜெர்மனி. அல்பேனியாவை, கமிட்டி கலைய இரண்டு வாரம் இருக்கும்போது, இத்தாலி. ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, அடுத்தவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று இரண்டரை வருஷமாகத் தீர்மானம் போட்ட சக உறுப்பினர்கள்.

ஏப்ரல் 14-ஆம் தேதி, கமிட்டிக்கு இன்னும் ஆறு நாள் ஆயுள் இருக்கையில், ஸ்பெயினில் போரிட்ட வீரர்களுக்கென்று ஜெர்மனி ஒரு பதக்கம் அறிவித்தது. ஜூன் 6 அன்று அந்தக் காண்டார் படை, பெர்லின் தெருக்களில் ஹிட்லரின் முன்னால் ஆயிரக்கணக்கில் அணிவகுத்து நடந்தது. இரண்டரை வருஷம் கமிட்டியின் கண்ணுக்கு அகப்படாத அதே ஆட்கள், பேண்டு வாத்தியத்தோடு. கமிட்டி இருந்திருந்தால் சும்மா விட்டிருக்காது. இதற்கு உங்கள் விளக்கம் என்ன என்று ஜெர்மனிக்கு எழுதி, பிரதியை 27 நாடுகளுக்கும், மன்னிக்கவும், மிச்சமிருந்த நாடுகளுக்கும் அனுப்பியிருக்கும்.